வாயுவின் வேகமும் மறைந்துள்ள பொருளும்

நட்சத்திரத் திரள்கள் சிலவற்றின் நடுப்பகுதி அளவு கடந்த ஒளியுடன் விளங்குகிறது. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க வானியல் அறிஞர் கார்ல் சீபர்ட் இத்தகைய ஆறு திரள்களின் நிறமாலையை ஆராய்ந்தார். அங்குள்ள வாயு உமிழும் ஒளிக்கோடுகள் மிகவும் அகன்று காணப்பட்டன. வாயுவின் ஒரு பகுதி நம்மை நோக்கியும், மற்றொரு பகுதி நம்மை விட்டு விலகியும் விரைவதே இதற்குக் காரணமாகும். நெருங்கி வரும் ரெயிலின் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்லும் ரெயிலின் ஊதல் தாழ்ந்தும் கேட்பது இதனை ஒத்ததே. கோடுகளின் அகலம், விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தைக் காட்டியது.

இத்துணை வேகமுள்ள வாயு சிதறிப் போகாமல் இருக்க வேண்டுமாயின், மிகுந்த நிறையுள்ள ஒன்று அதனை ஈர்த்துப் பிடித்திருத்தல் வேண்டும். அது நெருங்கிய நட்சத்திரக் கூட்டமா, அன்றி ஒளியையும் வெளிவிடாத கருந்துளையா? பல இடங்களின் வாயு ஒன்றாய்க் கலந்து தெரிந்தமையால் விடை காண்பது அரிதாயிற்று.

வேட்டை நாய்கள் என்னும் தொகுதியில், சுமார் 2.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம் 106 என்ற திரள் இதற்கு வழி காட்டியது. அதன் மையத்தைச் சுற்றும் வாயுத் தட்டிலுள்ள நீராவி மூலக்கூறுகள் 1.35 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலைகளைப் பெருக்கி அனுப்புகின்றன. இவற்றுள் விநாடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகமுள்ளவை இருப்பதை ஜப்பானின் நோபேயாமா நிலையத்தார் 1993-இல் அறிவித்தனர். பின்னர், ஹவாயிலிருந்து கரிபியன் தீவு வரை பரவியுள்ள பத்து ரேடியோ தொலைநோக்கிகளை ஒருங்கே இயக்கி, ஒவ்வொரு வாயுத் திட்டின் இடமும் வேகமும் அளக்கப்பட்டன. அம்முடிவு 1995-இல் வெளியாயிற்று.

சூரியனை அடுத்துள்ள புதன் விநாடிக்கு 47 கிலோமீட்டரும், பூமி 30 கிலோமீட்டரும், நெப்டியூன் ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் செல்கின்றன. தொலைவு நான்கு மடங்கானால் வேகம் பாதியாகும். நிறை முழுவதும் நடுவில் குவிந்திருந்தாலன்றி இவ்வொழுங்கு அமையாது. எம் 106-இன் வாயுத் திட்டுகளும் இதே ஒழுங்கில் சுற்றுகின்றன! ஆகவே, அரை ஒளியாண்டுக்கும் குறைந்த ஆரமுள்ள இடத்தில் ஏறத்தாழ 4 கோடி சூரியன்களின் நிறை அடங்கியிருத்தல் வேண்டும். அவ்வளவு நட்சத்திரங்கள் அங்கே நெருங்கியிருந்தால் ஒன்றோடொன்று மோதியும் சிதறியும் அக்கூட்டம் நெடுங்காலம் நிலைத்திராது. எனவே அங்குள்ளது கருந்துளை என்பதே பொருத்தமான முடிவாகும்.

1619-இல் கெப்ளர் கிரகங்களுக்கென வெளியிட்ட விதி, கண்ணுக்குப் புலனாகாத பொருளை நிறுக்கும் தராசாகப் பயன்பட்டது. பள்ளியில் இவ்விதியைக் கற்பிக்கும்போது எம் 106-ஐயும் எடுத்துக்காட்டாகக் கூறலாம்.