கொரோனா காலமும் கடன் பாக்கியும்: வணிகர்கள் அறிய வேண்டிய காலக்கெடு விவரம்

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைகள் நேரக் கட்டுப்பாட்டுடன் திறந்திருந்தன. ஆனால் நீதிமன்றங்களில் நேரடி விசாரணை நின்றது. சரக்குக் கடனாகப் போயிற்று, பாக்கி வரவில்லை, வழக்குப் போடவும் வழியில்லை. "கோர்ட் மூடியிருக்கும்போது கெடு முடிந்தால் நம் பணம் என்னாவது?" என்பதே அன்று பல வணிகர்களின் கவலை.

விலைக்கு விற்ற சரக்கின் பணத்தைக் கேட்டு வழக்குத் தொடர 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் 3 ஆண்டுகள் தருகிறது. தவணை எதுவும் பேசாமல் கொடுத்த சரக்கென்றால் ஒப்படைத்த நாளிலிருந்தும், தவணை பேசியிருந்தால் அத்தவணை முடிந்த நாளிலிருந்தும் கெடு தொடங்கும்.

இந்நிலையில் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து 23.3.2020 அன்று ஓர் உத்தரவிட்டு, 15.3.2020 முதல் காலக்கெடுவை நீட்டித்தது. 6.5.2020 அன்று காசோலை வழக்குகளுக்கான 138-ஆம் பிரிவுக்கும் இது பொருந்தும் என்றது. நோயின் அலைகளுக்கேற்ப இந்தச் சலுகை முடிந்தும் மீண்டும் தொடர்ந்தும் வந்தது. இறுதியாக 10.1.2022 உத்தரவுப்படி, 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. 15.3.2020 அன்று மீதியிருந்த கெடு 1.3.2022 முதல் மீண்டும் ஓடத் தொடங்கியது. மீதி 90 நாட்களுக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு 90 நாட்கள் கிடைத்தன.

எடுத்துக்காட்டாக, தவணையின்றி 1.6.2017 அன்று கொடுத்த சர்க்கரைக்குக் கெடு 2020 ஜூன் தொடக்கத்தில் முடிய வேண்டும். மீதி சுமார் இரண்டரை மாதமே என்பதால் 1.3.2022 முதல் 90 நாட்கள் கிடைத்தன. 1.4.2019 அன்று கொடுத்த பருப்புக்கோ மீதி 2 ஆண்டுகளுக்கு மேல் இருந்ததால் 2024 மார்ச் நடுப்பகுதி வரை கெடு நீண்டது. ஆனால் 10.3.2020 அன்றே கெடு முடிந்துபோன பாக்கிக்கு இந்த உத்தரவால் எந்தப் பயனும் இல்லை.

இங்கே சிலர் தவறாக எண்ணிக்கொண்டது உண்டு. நீண்டது வழக்குத் தொடரும் காலமே தவிர, கடனைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு தள்ளிப்போகவில்லை. காசோலையின் 3 மாதச் செல்லுபடிக் காலத்தையும் நீதிமன்றம் நீட்டிக்கவில்லை. அதை ரிசர்வ் வங்கியின் முடிவுக்கே விட்டது. ஆகவே காசோலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு நட்டமே மிஞ்சியது.

நீதிமன்ற நடைமுறையும் மாறிற்று. காணொலி விசாரணை பரவலாயிற்று. 10.7.2020 அன்று, அறிவிப்புகளை மின்னஞ்சல் வழியாகவும், அத்துடன் வாட்ஸ்அப் போன்றவற்றிலும் அனுப்பலாம் என உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

இன்றைய நிலை என்ன? தவணையின்றி அக்காலத்தில் கொடுத்த சரக்குக்கான நீண்ட கெடுவும் 2025 பிப்ரவரி இறுதியோடு முடிந்துவிட்டது. இனி வரும் பாக்கிகளுக்கு நம் எச்சரிக்கையே துணை:

1. கெடு முடியுமுன் பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு வாடிக்கையாளரிடம் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். அந்நாள் முதல் புதிய கெடு பிறக்கும்.

2. கெடுவுக்குள் பகுதிப் பணம் வந்தாலும் புதிய கெடு உண்டு. ஆனால் அது கொடுத்தவரின் கையெழுத்திலோ கையொப்பத்துடனோ பதிவாக வேண்டும். நம் பேரேட்டில் நாமே எழுதிய வரவு மட்டும் போதாது.

3. காசோலை திரும்பினால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்யுங்கள்.

நெருக்கடி காலத்தில் நீதிமன்றம் கைகொடுத்தது உண்மை. மறுமுறையும் அவ்வாறு நடக்கும் என்று நம்பிப் பாக்கியை ஆறப்போட வேண்டாம். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது மூன்றாம் ஆண்டை நெருங்கும் பாக்கிகளைத் தனியே பட்டியலிட்டு, வழக்கறிஞரிடம் காட்டுவது நலம்.