தடவுவதும் மருந்துதான்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போகும் சாலையில் எந்த மருந்துக் கடை வாசலில் சற்று நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணே, முட்டி வலிக்கு ஒரு ட்யூப் குடுங்க."

"ட்யூப் மட்டும் போதுமா? மாத்திரையும் ஒரு செட் கட்டிடவா?"

"ரெண்டும் குடுங்க. ட்யூப் மேலே தடவுறதுதானே, அது ஒண்ணும் செய்யாது."

கேட்பவர் காசிமேட்டில் விடியற்காலை ஐஸ் பெட்டி தூக்கியவராக இருக்கலாம். துறைமுக வாசலில் மணிக்கணக்காக வரிசையில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்ட கன்டெய்னர் லாரி ஓட்டுநராக இருக்கலாம். திருவொற்றியூர், மணலிப் பட்டறைகளில் குனிந்தபடியே வெல்டிங் வைக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளியாகவோ, கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கும் அக்காவாகவோ இருக்கலாம். உடம்புதான் இங்கே முதல். ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு. வலியைக் காலையிலேயே அமுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும்; அதற்கு ட்யூப் கைகொடுக்கிறது.

கைகொடுக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். அந்த ட்யூபில் இருக்கும் டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணியை மாத்திரையாக விழுங்கினால் அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும். ஜெல்லாகத் தடவினால் தடவிய இடத்துக்கு அடியிலேயே பெரும்பாலும் வேலை செய்யும். ஒரு முழங்காலுக்கு நாளைக்கு நான்கு வேளை முறைப்படி தடவுபவரின் ரத்தத்தில் சேரும் மருந்து, மாத்திரை போடுபவருக்குச் சேர்வதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். முழங்காலோ கை மூட்டோ தேய்ந்து வலிக்கும் பெரியவர்களுக்கு, மாத்திரைக்கு முன்னால் ஜெல்லைத் தடவிப் பார்க்கச் சொல்கின்றன உலக நாடுகளின் சிகிச்சை வழிகாட்டிகள். அமெரிக்காவில் 2007-ல் டாக்டர் சீட்டுக்கு மட்டும் கிடைத்த ஜெல், 2020 முதல் சீட்டில்லாமலும் விற்கிறது. நம் நாட்டில் டைக்ளோஃபினாக் மாத்திரைக்குச் சட்டப்படி சீட்டு வேண்டும். வெளிப்பூச்சுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

இத்தனை நல்ல மருந்தை வடசென்னை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதுதான் கவலை.

முதலில் ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். டைக்ளோஃபினாக் டைஎத்திலமின் 1.16 சதவீதம். அதற்கடுத்து மீதைல் சாலிசிலேட் 10 சதவீதம், மென்தால் 5 சதவீதம், ஆளி விதை எண்ணெய் 3 சதவீதம். நம் கடைகளில் பரவலாக விற்கும் வலி ஜெல்லின் சேர்மானம் இப்படித்தான் இருக்கும். ஊட்டிக்குப் போனவர்கள் மூட்டு வலிக்கென்று வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலம் இருக்கிறதே, அதன் மூலப்பொருளே இந்த மீதைல் சாலிசிலேட்தான். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. ஆக, ஒரு ட்யூபுக்குள் இரண்டு வலி நிவாரணிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து பார்த்த ஜெல்லில் டைக்ளோஃபினாக் மட்டும்தான் இருந்தது. 6 சதவீதம் என்ற கணக்கு அதற்குரியது. நம் ட்யூபுக்கு அதை அப்படியே பொருத்திக்கொள்ள முடியாது.

மீதைல் சாலிசிலேட் விளையாட்டுக் காரியமல்ல. 2007-ல் நியூயார்க்கில் 17 வயது ஓட்டப் பந்தய மாணவி ஒருவர் இறந்துபோனார். இந்தப் பொருள் கலந்த வலிப் பூச்சுகளை அளவு மீறிப் பயன்படுத்தியதே காரணம் என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. கலப்பில்லாத விண்டர்கிரீன் தைலத்தை ஒரு குழந்தை ஒரு டீஸ்பூன் குடித்துவிட்டால், இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். ஒற்றை அறை வீடுகளில் தைலமும் ட்யூபும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், குழந்தை கைக்கு எட்டும் இடத்தில்தான் கிடக்கின்றன. இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்தப் பூச்சு ஆகாது. ரத்தப்போக்கு கூடும்.

அடுத்தது தடவும் விதம். ஜெல்லை இங்கே யாரும் மருந்தாகத் தடவுவதில்லை, தைலமாகத் தேய்க்கிறார்கள். தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்து, அதன் மேல் வெந்நீர்ப் பையை வைத்து, க்ரேப் பேண்டேஜை இறுக்கிக் கட்டி, பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சூடும் கட்டும் சேர்ந்தால் தோல் வழியே உள்ளே போகும் மருந்தின் அளவு கூடிவிடும். மென்தாலும் சாலிசிலேட்டும் கலந்த வலிப் பூச்சுகளால் தோல் வெந்து, சிலர் மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போனதை 2012-ல் அமெரிக்க அரசே எச்சரிக்கையாக வெளியிட்டது. பூசியது ஒரே ஒரு தடவைதான் என்ற நிலையிலும் சிலருக்குக் கொப்புளம் வந்திருக்கிறது. எரிச்சல் வந்தால் 'மருந்து பிடிக்குது' என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடனே கழுவ வேண்டும்.

சரியான முறை மிக எளிது. காய்ந்த, காயமில்லாத தோலில் மெல்லத் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு துணி போடலாம். ஒரு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கை மூட்டுக்கே தடவியிருந்தால், அந்த ஒரு மணி நேரம் கழித்துக் கழுவலாம். அதுவரை கண்ணில் கை போகக் கூடாது.

காயமில்லாத தோல் என்பது இந்தக் கரையில் அத்தனை எளிதில் கிடைப்பதில்லை. வலைக் கயிறு அறுத்த விரல், கெளுத்தி முள் குத்திய உள்ளங்கை, கழிமுகச் சேற்றில் நின்று வெடித்த கால் என்று ஏதாவது ஒன்று இருக்கும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் கையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளியவர்கள் இந்த ஊர் மக்கள். அப்படி எரிந்து தடித்த தோலில் வலி ஜெல்லைப் பூசினால், தோல் தடுத்து நிறுத்த வேண்டிய மருந்து தடையில்லாமல் உள்ளே போகும்.

வெயில் இன்னொரு சங்கதி. கீட்டோபுரோஃபென் என்ற மருந்துள்ள ஜெல்லைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கொப்பளிக்கும். 2010-ல் ஐரோப்பிய நாடுகள் இதை அலசி, டாக்டர் சீட்டுக்கு மட்டும் கொடுக்கலாம், தடவிய இடத்தில் மருந்தை நிறுத்திய இரண்டு வாரம் வரை வெயில் படக் கூடாது என்று முடிவு செய்தன. நிழலே இல்லாத சரக்கு யார்டில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கு அந்த ஜெல்லைக் கொடுப்பது சரியில்லை. டைக்ளோஃபினாக் தடவிய இடத்தையும் துணியால் மூடிக்கொள்வது நல்லது.

இதெல்லாம் தோலோடு போகிற பாதிப்பு. தோல் எரிந்தால் தெரிந்துவிடும். சிறுநீரகம் கெடுவது தெரியாது.

வலி நிவாரணிகள் வலியை உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளை உடம்பு சுரக்கவிடாமல் தடுக்கின்றன. அதே பொருள்தான், உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாயைத் திறந்தே வைத்திருக்கிறது. மே மாதத்தில் கப்பலின் சரக்கு அறைக்குள்ளோ, கொதிகலன் பக்கத்திலோ வேலை செய்பவருக்கு வியர்வையாகவே லிட்டர் கணக்கில் நீர் போகிறது. மீன் விற்கும் பெண்கள் பலர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. போவதற்குக் கழிப்பறை இல்லாததால் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். நீர் வற்றிய அந்த உடம்புகளில்தான் வலி மாத்திரை போய் விழுகிறது.

கடைக்காரர் கட்டிக்கொடுக்கும் செட்டைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். சின்னக் காகித உறையில் மூன்று நான்கு மாத்திரைகள். அட்டையிலிருந்து வெட்டியவை, பெயர் இருந்த பகுதி வேறு யாருக்கோ போயிருக்கும். அதில் ஒன்று பெரும்பாலும் அசிக்ளோஃபினாக்கோ டைக்ளோஃபினாக்கோதான், இரண்டும் ஒரே குடும்பம். வாங்கியவர் காலையில் அதை விழுங்குவார், முட்டியில் அதே குடும்பத்து ஜெல்லைத் தேய்ப்பார், ராத்திரி தைலத்தையும் போடுவார். வலி அடங்காவிட்டால் அடுத்த தெரு கிளினிக்கில் ஒரு ஊசி. கணக்குப் போட்டால் ஒரே வகை மருந்து ஒரே நாளில் நான்கு வழிகளில் உள்ளே போயிருக்கும். அவரைக் கேட்டால் ஒரு மாத்திரைதான் சாப்பிட்டேன் என்பார். பொய்யில்லை, அவர் அப்படித்தான் நம்புகிறார்.

இதன்மேல் பி.பி. மாத்திரை. டெல்மிசார்ட்டன் போன்ற மருந்தும், நீர் பிரியவைக்கும் மருந்தும் சேர்ந்த ஒற்றை மாத்திரையை நாற்பது வயதைத் தாண்டிய எத்தனையோ பேர் தினமும் சாப்பிடுகிறார்கள். இந்த இரண்டோடு வலி நிவாரணி மூன்றாவதாகச் சேர்வதைச் சிறுநீரக மருத்துவம் தனியாகவே பிரித்து எச்சரிக்கிறது. மூன்றும் சிறுநீரகத்தை வெவ்வேறு பக்கத்திலிருந்து அழுத்துகின்றன. சர்க்கரையும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

டைக்ளோஃபினாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவின் வானமே சாட்சி. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததை 2004-ல் வெளிவந்த ஆய்வு நிரூபித்தது. வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தபின், 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. 2023-ல் அசிக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் அதே பட்டியலில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டியிருக்கிறது. மனிதச் சிறுநீரகம் பாறின் சிறுநீரகத்தைவிடப் பல மடங்கு தாங்கும், உண்மைதான். தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு.

ஜெல்லால் மட்டுமே சிறுநீரகம் கெடுவது மிக அரிது, அதிகம் பயமுறுத்தினால் ஜனங்கள் ஊசிக்குத்தான் போவார்கள் என்று சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஜெல்லை மட்டும் தடவுபவருக்கு அது சரியான வாதம். ஆனால் இந்த வட்டாரத்தில் ஜெல்லை மட்டும் தடவி நிறுத்திக்கொள்பவர் எத்தனை பேர்?

நிறுத்த முடியாததற்கு ஒரு காரணம், ஜெல் வேலை செய்யாத இடத்தில் அதைத் தடவுவது. மூட்டை தூக்குபவரின் நடு முதுகும் இடுப்பும் ஜெல் எட்டாத ஆழத்தில் இருக்கின்றன. முதுகெலும்பு, இடுப்பு மூட்டு, தோள் ஆகியவற்றில் டைக்ளோஃபினாக் ஜெல்லைப் பரிசோதிக்கவில்லை என்று அமெரிக்க ஜெல்லின் விவரத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். முழங்கால், கணுக்கால், கை விரல், மணிக்கட்டு, இவைதான் அதற்கேற்ற இடங்கள். அங்கேயும் நாள்பட்ட வலிக்கு அது அற்புதம் செய்வதில்லை: பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், ஜெல் தடவியவர்களில் 60 சதவீதம் பேருக்கு வலி நன்றாகக் குறைந்தது, மருந்தில்லாத வெறும் பூச்சைத் தடவியவர்களிலும் 50 சதவீதம் பேருக்குக் குறைந்தது. புதிதாகப் பட்ட சுளுக்குக்குப் பலன் இதைவிட நன்றாகவே தெரியும்.

அளவிலும் குழப்பம் இருக்கிறது. டைக்ளோஃபினாக் மட்டும் உள்ள ஜெல்லை முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு வேளை தடவச் சொல்கிறது அந்த விவரத் தாள். அப்படியானால் நம் 30 கிராம் ட்யூப் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். ஒரு ட்யூபை மாமியாரும் மருமகளும் மகனுமாக ஒரு மாதம் ஓட்டும் வீட்டில் மருந்து போதுமான அளவு சேர்வதில்லை, வலியும் போவதில்லை. உடனே 'இது வேலைக்காகாது, மாத்திரை கொடுங்க' என்று கடைக்குப் போகிறார்கள். இதைப் படித்துவிட்டுச் சாலிசிலேட் கலந்த ட்யூபையும் 4 கிராம் அளவில் யாரும் பிதுக்கிவிடக் கூடாது. அதில் 400 மில்லிகிராம் சாலிசிலேட் இருக்கிறது. எந்தச் சேர்மானத்தை எவ்வளவு தடவலாம் என்று டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏழு நாளில் குணம் தெரியாவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் 21 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது.

கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு டாக்டரைக் கேட்காமல் இந்த ஜெல்லைத் தொடவே கூடாது. ஆஸ்பிரின் சாப்பிட்டு வீசிங் வந்தவர்களுக்கு ஜெல்லும் அதைக் கிளப்பிவிடலாம். இடது தோளில் புதிதாக வலி எடுத்து வியர்த்தால், ஜெல்லைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் காசிமேட்டு உடம்புகளுக்குச் சற்று ஓய்வு. சிறுநீரகத்தின் நிலையை அறிய, சிறுநீரில் புரதம் போகிறதா, ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள அதுவே தோதான காலம். இரண்டும் எளிய பரிசோதனைகள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரையோடு வீடு தேடி வரும் ஊழியர்கள் இருக்கிறார்கள், இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. அவர்கள் வரும் நாளில் பி.பி. அட்டையோடு சேர்த்து வலி ட்யூபையும், மருந்துக் கடை செட் உறையையும் எடுத்துக் காட்டுங்கள். கடையில் செட் வாங்கும்போது, "அண்ணே, உள்ளே இருக்கிற மாத்திரை பேரை உறை மேலே எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த செட்டை வாங்க வேண்டாம்.