ஒமேகா நம்பகத்தன்மைக் கெழு

ஒமேகா நம்பகத்தன்மைக் கெழு என்பது பல வினாக்களைக் கொண்ட ஓர் அளவுகோலின் மொத்த மதிப்பெண் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை, உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வின் முடிவுகளிலிருந்து மதிப்பிடும் புள்ளியியல் அளவை ஆகும். மொத்த மதிப்பெண்ணின் பரவற்படியில் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) எவ்வளவு பங்கு வினாக்களுக்குப் பொதுவான காரணியால் விளைகிறது என்பதை இது 0 முதல் 1 வரையிலான எண்ணாகத் தருகிறது. எஞ்சிய பங்கு பிழை எனக் கொள்ளப்படும்.

வரலாறு

நம்பகத்தன்மையை அளக்கப் பரவலாகப் பயன்படுவது ஆல்ஃபா கெழு ஆகும். இதனை லீ குரோன்பாக் 1951ஆம் ஆண்டு விரிவாக விளக்கினார். எல்லா வினாக்களும் பொதுக் காரணியைச் சம அளவில் காட்டுகின்றன, அவற்றின் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்ற இரு எடுகோள்கள் பொருந்தும்போதே ஆல்ஃபா சரியான மதிப்பைத் தரும். வினாக்களின் சுமைகள் வேறுபடலாம் என்ற மாதிரியைக் கார்ல் யோரெஸ்கோக் 1971இல் வகுத்தார். ரோடரிக் மெக்டொனால்டு 1999இல் வெளியிட்ட தேர்வுக் கோட்பாட்டு நூல் ஒமேகாவைப் பரவலாக அறியச் செய்தது.

கணக்கிடும் முறை

ஒமேகா = (சுமைகளின் கூட்டுத்தொகை)² ÷ [(சுமைகளின் கூட்டுத்தொகை)² + பிழைப் பரவற்படிகளின் கூட்டுத்தொகை]

எடுத்துக்காட்டாக, மூன்று வினாக்களின் தரப்படுத்திய சுமைகள் 0.8, 0.6, 0.4 எனக் கொள்வோம். இவற்றின் கூட்டுத்தொகை 1.8, அதன் வர்க்கம் 3.24. ஒவ்வொரு வினாவின் பிழையும் 1இலிருந்து சுமையின் வர்க்கத்தைக் கழித்தால் கிடைக்கும். அவை 0.36, 0.64, 0.84, கூட்டுத்தொகை 1.84. ஆகவே ஒமேகா 3.24 ÷ 5.08 = 0.64. இதே தரவுக்கு ஆல்ஃபா 0.61 ஆகும்.

பிழைகள் தொடர்புற்றிருந்தால்

ஆல்ஃபா எப்போதும் உண்மை மதிப்பைவிடக் குறைவாகவே இருக்கும் என்ற கருத்து முழுமையானதன்று. மேற்கண்ட எடுத்துக்காட்டில், ஒத்த சொற்களால் அமைந்த இரு வினாக்களின் பிழைகளுக்கிடையே 0.1 உடன்மாறுபாடு இருப்பதாகக் கொள்வோம். அதன் இரு மடங்கான 0.2ஐப் பகுதியில் சேர்த்தால் ஒமேகா 3.24 ÷ 5.28 = 0.61 ஆகக் குறையும். ஆல்ஃபாவோ 0.65 ஆக உயரும். வினாக்களின் சொல்லொற்றுமையை ஆல்ஃபா நம்பகத்தன்மையாக எண்ணிவிடுவதே இதற்குக் காரணம்.

தமிழ் வடிவ அளவுகோல்கள்

உலக சுகாதார அமைப்பின் வாழ்க்கைத்தர வினாத்தொகுப்பை உருவாக்கிய தொடக்க மையங்களுள் சென்னையும் ஒன்று. இத்தொகுப்புக்குத் தமிழ் வடிவமும் உண்டு. இதன் சுருக்க வடிவில் 26 வினாக்களும் நான்கு களங்களும் உள்ளன. 23 நாடுகளின் தரவைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வில் மூன்று களங்களின் ஆல்ஃபா 0.80 அல்லது அதற்கு மேல் இருக்க, மூன்றே வினாக்களைக் கொண்ட சமூக உறவுக் களத்தின் ஆல்ஃபா 0.68 ஆக இருந்தது. மொழிபெயர்ப்பில் ஒரு வினாவின் பொருள் மாறினால் அதன் சுமையும் மாறக்கூடும். ஆதலால் மூல வடிவின் கெழுவை அப்படியே தமிழ் வடிவுக்குக் கொள்ளாமல், தமிழ்த் தரவிலிருந்தே கணக்கிட வேண்டும்.

பயன்பாடும் வரம்பும்

நம்பகத்தன்மை 0.64 எனில், தனி ஒருவரின் மதிப்பெண்ணில் உள்ள திட்டப்பிழை திட்ட விலக்கத்தில் 0.6 பங்கு ஆகும். குழுக்களை ஒப்பிட இது போதுமானதாக இருக்கலாம். ஒரு நோயாளியைப் பற்றியோ மாணவரைப் பற்றியோ முடிவெடுக்கப் போதாது.

காரணி மாதிரி தரவுக்குப் பொருந்தாவிடில் ஒமேகாவுக்கும் பொருளில்லை. மேலும், உயர்ந்த ஒமேகா அளவுகோலின் ஏற்புடைமைக்குச் சான்றாகாது.