மர்த்தேன் வீட்டுப் பேரேடு

16,000 வராகன். டச்சுக்காரர் கையில் ஆறு வருடம் இருந்த புதுச்சேரியை 1699இல் திரும்ப வாங்கிக்கொள்ளப் பிரெஞ்சுக்காரர் ஒப்புக்கொண்ட தொகை இது. ஒரு வராகனின் எடை ஏறத்தாழ 3.4 கிராம். ஆக மொத்தம் 54 கிலோ சொச்சம் பொன் நாணயம். ஊருக்கு இது விலை கிடையாது. ரிஸ்விக் உடன்படிக்கையின்படி 1697லேயே ஊர் பிரான்சுக்குத் திரும்பிவிட்டது. இடையில் டச்சுக்காரர் கட்டிய மதிலுக்கும் செய்த மராமத்துக்கும்தான் இந்த நஷ்டஈடு. அந்தத் தொகையைக் கொடுத்து ஊரைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிரான்சுவா மர்த்தேனுக்கு அப்போது வயது 65.

புதுச்சேரியை உருவாக்கியவர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் இவர் 1634இல் பாரிசில் பிறந்தவர். தகப்பனார் மளிகை வியாபாரி. முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை இல்லை என்பதால் அந்த வியாபாரத்தில் இவருக்குப் பங்கு வரவில்லை. வேறொரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மீன் வியாபாரக் குடும்பத்துப் பெண்ணான மரி குப்பெர்லியைக் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்தால் வேலையும் போயிற்று.

1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. மூலதனம் ஒன்றரைக் கோடி லிவர் என்று அறிவித்தார்கள். அதில் 30 லட்சம் ராஜா பணம். வசூலில் உண்மையாக வந்து சேர்ந்தது 80 லட்சத்தைச் சற்றே தாண்டியதுதான். காகிதத்தில் ஒன்றரைக் கோடி, பெட்டியில் பாதி: இந்தியாவில் பிரெஞ்சுக்காரர் கடைசிவரை பட்ட பாட்டின் விதை இங்கேயே விழுந்துவிட்டது. இந்தக் கம்பெனியில்தான் மர்த்தேன் கீழ்நிலை வணிகராகச் சேர்ந்து, 1665 மார்ச்சில் பிரெஸ்து துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். முதலில் மடகாஸ்கர், பிறகு சூரத், பிறகு மசூலிப்பட்டினம்.

மரி பாரிசிலேயே தங்கினாள். அந்தக் காலத்தில் இங்கிருந்து பிரான்சுக்குக் கப்பல் போய்ச் சேர 6 முதல் 8 மாதம். பருவக்காற்றுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு கடிதத்துக்குப் பதில் வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். பிரிந்திருந்ததோ ஏறத்தாழ 20 வருடம். போட்ட கடிதமெல்லாம் கடலில் முழுகாமல் போய்ச் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்ற கணக்கில் 10, 13 தடவைக்கு மேல் கணவனும் மனைவியும் பேசியிருக்க முடியாது. கம்பெனிக் கணக்கில் இந்தச் செலவுக்குப் பத்தியே கிடையாது.

இனி ஊர்க் கணக்கு. 1673 பிப்ரவரி 4இல் பெலான்ஜே தெ லெஸ்பினே என்ற அதிகாரி புதுச்சேரியில் வந்து இறங்கினார். பிஜப்பூர் சுல்தானின் ஆளாக வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர் கான் லோடி கொடுத்த அனுமதி அது. மர்த்தேன் வந்தது 1674இல். அதே வருடம் செப்டம்பரில் மயிலாப்பூர் சாந்தோமைப் பிரெஞ்சுக்காரர் பறிகொடுத்தார்கள். மிச்சமாக இங்கே நின்றது சுமார் 60 ஐரோப்பியர். இவர்களை நம்பி எந்த நெசவாளி தறியைத் தூக்கிக்கொண்டு வருவான்? ஆள் சேர்க்கவும் சரக்குப் பிடிக்கவும் உள்ளூர்க்காரர் வேண்டும். அதற்குப் பூந்தமல்லியிலிருந்து வந்தவர் தானப்ப முதலியார். பின்னாளில் அவர் வம்சத்துக் கனகராய முதலியார் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்தார். 60 பேரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த ஒருவரை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

ஷேர் கானுக்கு எப்போதும் பண முடை. பிரெஞ்சுக்காரரிடம் கடன் வாங்கி, அதற்கு ஈடாகப் புதுச்சேரி வருவாயை எழுதிக் கொடுத்தார். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்து ஷேர் கானையும் முறியடித்தார். கடன்காரர் போனாலும் வருவாய் உரிமை கையில் நின்றது. வாராக்கடனே வேராகிப்போன ஊர் இது.

1680களின் நடுவில் மரி வந்து சேர்ந்தாள். 1686இல் மகள் மரி இயாசிந்த்துக்குக் கம்பெனி அதிகாரி ஆந்த்ரே பூரோ-தெலாந்தோடு கல்யாணம். தகப்பன் கப்பலேறியது 1665 என்பதால் பெண்ணுக்கு அப்போது 20 வயதுக்குக் குறைந்திருக்க வழியில்லை. அந்தக் காலத்துத் தமிழ் வீடுகளின் கணக்குப்படி ரொம்பத் தாமதமான கல்யாணம். மாப்பிள்ளை 1690இல் வங்காளத்தில் சந்தன்நகரை நிறுவினார். மாமனார் ஓர் ஊர், மருமகன் ஓர் ஊர். பேரன் ஆந்த்ரே-பிரான்சுவா வேறு வழியில் போனார்: 1737இல் அவர் வெளியிட்ட தத்துவ வரலாறு பிரெஞ்சில் அவ்வகையின் முன்னோடி நூல்களில் ஒன்று.

1693தான் பேரேட்டில் மோசமான வருடம். அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாராமை முகலாயப் படை முற்றுகையிட்டிருந்தது. ராஜாவுக்குக் காசு தேவை. 1690இல் தேவனாம்பட்டினத்தை ஆங்கிலேயருக்கு விற்றார். மூன்று வருடம் கழித்து, மர்த்தேன் உட்கார்ந்திருந்த புதுச்சேரியையே டச்சுக்காரருக்கு விற்றார், 25,000 வராகனுக்கு என்று சொல்வார்கள். குடியிருப்பவனை வைத்துக்கொண்டே வீட்டை விற்ற கதை. சரித்திரக்காரர் மாலசன் தரும் படைக்கணக்கில் டச்சுத் தரப்புக்கு 19 போர்க்கப்பல், 1,500 ஐரோப்பியச் சிப்பாய்கள். மர்த்தேனிடம் 6 பீரங்கி, 30, 40 ஐரோப்பியர், 300, 400 உள்ளூர் ஆட்கள். செப்டம்பர் 6இல் சரணடைந்தார். பிறகு சில வருடம் சந்தன்நகரில் மகள் வீட்டுப் பக்கம் வாசம்.

டச்சுக்காரர் ஊரைச் சும்மா வைத்திருக்கவில்லை. 1694இல் அவர்கள் வரைந்த திட்டத்தில்தான் கோடு போட்டது போன்ற நேர்வீதிகள் முதலில் வருகின்றன. இன்றைக்குப் பிரெஞ்சு நகர அமைப்பு என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுவதன் முதல் வரைபடம் டச்சுக் கைவேலை. 16,000 வராகனுக்கு மதிலோடு இதுவும் கைக்கு வந்தது என்றால், சல்லிசான வியாபாரம்தான்.

திரும்பி வந்த மர்த்தேனுக்கு மிச்சம் இருந்தது ஏழு வருடம். 1701இல் சூரத்தைத் தள்ளிவிட்டு புதுச்சேரி தலைமையிடமானது. தூர்னே கோட்டையை மாதிரியாக வைத்து ஐந்து கொத்தளத்தோடு எழும்பிய லூயி கோட்டைக்கு 1706 ஆகஸ்ட் 25இல் மந்திரிப்பு நடந்தது. அதே வருடம் டிசம்பர் 31இல், 72ஆம் வயதில் அவர் இறந்தார், கோட்டைக்குள்ளேயே அடக்கம். அப்போது ஊரில் 40,000 பேர் என்று பல நூல்கள் எழுதுகின்றன. யார் எண்ணினார்கள் என்று கேட்டால் தெரியாது; இவ்வளவு முழுசான எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன். பாதி என்றாலும், 60 பேரில் தொடங்கிய இடத்துக்கு அது பெரிய வரவு. சொந்த வரவு? ஏழையாகத்தான் செத்தார் என்கிறார் மாலசன்.

பக்கத்து வீட்டுப் பேரேட்டைப் புரட்டினால் வித்தியாசம் தெரியும். தேவனாம்பட்டினத்தை வாங்கியபோது சென்னையில் ஆங்கிலேயக் கவர்னர் எலிஹு யேல். 1672இல் வருடம் 10 பவுன் சம்பளத்துக்கு வந்தவர். 1680இல் விதவையான கேதரின் ஹின்மர்ஸைப் புனித மேரி ஆலயத்தில் மணந்தார். சொந்த வியாபாரத்தில் சேர்த்த பணத்தால் 1692இல் பதவி போயிற்று, பணம் போகவில்லை. 1718இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு 417 புத்தகமும், 562 பவுனுக்கு விலைபோன சரக்கும் அனுப்பினார். கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. தேவனாம்பட்டினக் கோட்டையிலிருந்து சுட்ட குண்டு விழுந்த எல்லை வரைக்கும் கிராமங்களை எடுத்துக்கொண்ட கதைக்குச் சாட்சியாகக் கடலூர்ப் பக்கம் குண்டு உப்பலவாடி இன்னும் இருக்கிறது. குழந்தையிலேயே இறந்துபோன யேலின் மகன் டேவிட்டின் கல்லறை சென்னையின் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. இடம் மாற்றுவது பற்றி உயர்நீதிமன்றம் வரை வழக்கே நடந்தது.

மர்த்தேனுக்குக் கல்லறையும் இல்லை. 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் லூயி கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று பாரதி பூங்காவும் சுற்றுக் கட்டடங்களும். குருசுக்குப்பம் பக்கம் மர்த்தேன் பெயரில் ஒரு வீதி உண்டு. ஊர் உருவானதில் அதிகச் செலவு யார் தலையில் விழுந்தது என்று கேட்டால் நான் மரி குப்பெர்லி பெயரைத்தான் எழுதுவேன். அந்த வீதிப் பலகையில் அவளுக்கும் ஒரு வரி சேர்க்க நகராட்சிக்குப் பெரிய செலவு ஆகாது, சேர்க்க வேண்டும்.