கால் ஓடினால் கற்பனையும் ஓடும்!

1992-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி. சர்வதேச மகளிர் தினம். அன்று புதுக்கோட்டை நகரத் தெருக்களில் நின்றவர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். சுமார் 1,500 பெண்கள் சைக்கிளில் அணிவகுத்து வந்தார்கள்! கைப்பிடிகளில் கொடிகள் பறந்தன. மணியோசை ஊரையே அதிர வைத்தது.

அந்த நாட்களில் ஜில்லா முழுவதும் இதே பேச்சுத்தான். வயலில் கூலி வேலை செய்கிறவர்கள், குவாரியில் கல் உடைக்கிறவர்கள், சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம நர்சுகள், பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் சைக்கிள் பழகினார்கள். பொது இடங்களில் நடந்த போட்டிகளிலும் காட்சிகளிலும் 70 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் ஓட்டிக் காட்டினார்கள்.

இவ்வளவையும் கிளப்பிவிட்டது எது? சைக்கிள் கம்பெனியா? இல்லை. எழுத்தறிவு இயக்கம்! 1991-ல் அங்கே 'அறிவொளி இயக்கம்' முழு மூச்சாக நடந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பழகுவதையும் எழுத்துப் படிப்போடு சேர்த்துவிட்டார். 'அ, ஆ' கற்றுக்கொள்ள வருகிறவளுக்குச் சைக்கிள் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

காலுக்கும் மூளைக்கும் உள்ள உறவு தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டோம்.

கம்பர் காத்திருந்தார்

நம் நாட்டில் ஒரு கதை வழங்கி வருகிறது. கம்பர் ஒரு நாள் வயல் வழியாகப் போய்க்கொண்டிருந்தாராம். ஏற்றம் இறைக்கும் குடியானவன் ஒருவன் பாடுவது காதில் விழுந்தது. முதல் அடியைக் கேட்டுச் சொக்கிப் போனார் கவிச்சக்கரவர்த்தி. அடுத்த அடிக்காகக் காத்து நின்றார். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டது. குடியானவன் பாட்டை அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்! கம்பர் விட்டாரா? இராத்திரி முழுதும் யோசித்துப் பார்த்தார். மறு நாள் காலையில் முதல் ஆளாக வந்து நின்று, மீதியைக் கேட்ட பிறகுதான் போனாராம்.

கதை உண்மையோ, கட்டியதோ, அதைச் சொல்லி வைத்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏற்றக்காரன் ஏட்டைப் புரட்டியவன் அல்ல. துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடக்கிற நடை. சால் இறங்கி ஏறுகிற தாளம். அதற்கு ஒரு பாட்டு. எத்தனை சால் இறைத்தோம் என்று கணக்கு வைத்ததும் அந்தப் பாட்டுத்தான். நடவுப் பெண்களும் இப்படித்தான். வரப்பில் போகிறவரைக் கேலி செய்து நின்ற நிலையிலேயே புதுப் புது அடி கட்டிவிடுவார்கள். அதே பெண்ணைத் திண்ணையில் உட்கார வைத்து, "ஒரு பாட்டுக் கட்டு, அம்மா!" என்று கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

மேல்நாட்டு மேதைகளும் இதற்கு விலக்கல்ல. பரிணாமத் தத்துவம் கண்ட டார்வின், தம் வீட்டுத் தோட்டத்தில் மணல் பாதை ஒன்று போட்டு நாள்தோறும் சுற்றி வருவார். வழியில் கற்களைக் குவித்து வைத்து, சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தள்ளிக் கணக்கு வைப்பாராம். நம் ஏற்றக்காரனுக்குப் பாட்டு, அவருக்குக் கல்! அயர்லாந்துக் கணித மேதை ஹாமில்டன் 1843 அக்டோபர் 16-ந் தேதி டப்ளின் நகரில் மனைவியுடன் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தார். பல காலமாகப் பிடிபடாத கணக்கு ஒன்று அந்த நடையிலே பளிச்சென்று விடிந்தது. மறந்துவிடுமோ என்ற பயத்தில், பாலத்துக் கல்லிலேயே கத்தியால் சூத்திரத்தைக் கீறி வைத்தார்.

வெறும் சுவரைப் பார்த்து நடந்தவர்கள்

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மாரிலி ஒப்பெஸோ, டேனியல் ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் இதைப் பரிசோதனை செய்தே பார்த்துவிட்டார்கள். முடிவு 2014-ல் வெளியாயிற்று. சட்டைப் பொத்தான் போன்ற சாதாரணப் பொருளைச் சொல்லி, 'இதை வேறு எதற்கெல்லாம் உபயோகிக்கலாம்?' என்று கேட்டார்கள். உட்கார்ந்து யோசித்தபோது வந்த புது யோசனைகளைவிட, நடந்துகொண்டு யோசித்தபோது சராசரி 60 சதவீதம் அதிகமாக வந்தன!

காற்றும் மரமும் செய்த மாயம் என்பீர்கள். அதுதான் இல்லை. அறைக்குள்ளே, ஓடும் பட்டையின்மேல், வெறும் சுவரைப் பார்த்து நடந்தவர்களுக்கும் யோசனை பெருகியது. வேறு சிலரைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். காட்சி ஒன்றுதான், ஆனாலும் காலால் நடந்தவர்களே முந்தினார்கள். நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த வேகம் தணியவில்லை.

ஒரே ஒரு சரியான விடை உள்ள புதிர்களில் மட்டும் நடை கைகொடுக்கவில்லை. கொஞ்சம் கெடுக்கக்கூடச் செய்தது. ஆகவே, வரவு செலவுக் கணக்கை உட்கார்ந்தே பாருங்கள். மகள் கல்யாணத்தை எப்படி நடத்தலாம், கடையில் புதிதாக என்ன சரக்குப் போடலாம் என்றால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்!

குடம் சுமப்பதும் நடைதானே?

இங்கே ஒரு கேள்வி. புதுக்கோட்டை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. தண்ணீருக்கும் விறகுக்கும் மைல் கணக்கில் நடந்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான். நடைதான் யோசனை தருமென்றால் அவர்களுக்கு அல்லவா முதலில் தந்திருக்க வேண்டும்?

தலையில் நிறைகுடம், இடுப்பில் குழந்தை, மனத்தில் அடுப்பு. கால் நடக்கிறது, ஆனால் மனம் குடத்தை விட்டு நகர முடியாது. உடம்பு ஒரு தாளத்தில் தானாக இயங்க வேண்டும். மனத்துக்கு வேறு காவல் வேலை இருக்கக் கூடாது. அப்போதுதான் அது மேயப் போகும். அதிகாரி ஒருவர் மாலையில் உலாவுவதையும் அந்தப் பெண் குடம் சுமப்பதையும் ஒரே தராசில் வைத்து, 'இருவருக்கும் தேகப் பயிற்சி' என்று சொல்வது நியாயமல்ல.

ஊர்ப்பேச்சும் ஒரு குடந்தான்! இதே புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பருவமடைந்ததும் பள்ளிக்குப் போவது நின்றது, வீட்டோடு பாடம். பிறகு மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் அதைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார். சைக்கிள் பழகிய பெண்களைக் கேலி பேசியவர்களும் உண்டு. சிலர் நடத்தையையே குறை சொன்னார்கள்.

சைக்கிளில் முதல் சில நாள், விழாமல் இருப்பதே பெரும் பாடு. அப்போது யோசனையாவது, கற்பனையாவது! பழகிவிட்டால் காலே பார்த்துக்கொள்ளும். தலை காலியாகிவிடும். அதற்கும் மேலாக, பஸ்ஸுக்கும் கணவனுக்கும் அண்ணனுக்கும் காத்திருந்த நேரமெல்லாம் கைக்கு வந்துவிடும்.

புது யோசனைகள் தாமாக வந்தன. காய்கறியும் விளைபொருளும் விற்கிறவர்கள் பஸ் போகாத கிராமங்களையும் சேர்த்துக்கொண்டு புதுச் சுற்று வகுத்தார்கள். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்து, வேலைக்கும் போகும்படி நாளையே மாற்றி அடுக்கினார்கள். எழுதப் பழகியவர்கள் கலெக்டர் ஆபீசுக்குத் தாங்களே மனு எழுதினார்கள். அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் சைக்கிளைப் பற்றிக் கட்டிய பாட்டு ஊர் ஊராகப் பரவி, அவர்களுடைய கீதமாகவே ஆகிவிட்டது.

எல்லாவற்றிலும் வேடிக்கை ஒன்று உண்டு. அத்தனை பேருக்கும் பெண்கள் சைக்கிள் கிடைக்கவில்லை. ஆண்கள் சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். குறுக்கே போகும் அந்தக் கம்பி சேலைக்கு இடைஞ்சல் என்றுதானே நாம் நினைப்போம்? பிறகு, பெண்கள் சைக்கிள் கிடைத்தபோதும் சிலர் ஆண்கள் சைக்கிளே போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம்? அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமாம்!