முயலை விட்டு மானைத் துரத்தும் பீகிள்

அமெரிக்காவில் பீகிள் நாய்களுக்கென்றே முயல் மோப்பப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. முயலைக் கொல்வது இப்போட்டியின் நோக்கமன்று. முயல் ஓடிய தடத்தை நாய் எவ்வளவு துல்லியமாகப் பின்தொடர்கிறது என்பதையே நடுவர்கள் கவனிப்பார்கள். 13 அங்குல உயரம் வரையிலான நாய்கள் ஒரு பிரிவிலும், அதற்கு மேல் 15 அங்குலம் வரையிலானவை மற்றொரு பிரிவிலும் போட்டியிடும்.

ஆனால், அதே புதர்க்காட்டில் மான்களும் நரிகளும் உலவுகின்றன. முயல் தடத்தை விட்டு மானைத் துரத்தும் நாய் போட்டியில் தோற்றுவிடும். உயிரையும் இழக்கலாம். எப்படி?

அங்குள்ள பஞ்சுவால் முயல் தன் சிறிய வாழிடத்தை விட்டு அதிகம் விலகாது. வட்டமடித்துப் புறப்பட்ட இடத்தருகே திரும்பிவிடும். நாயும் கூடவே வந்துவிடும். மானோ நெடுந்தூரம் ஓடக்கூடியது. அதன் பின்னால் போகும் நாய் வழி தவறலாம். சாலையில் வாகனத்தில் அடிபடலாம்.

மூக்கு தவறு செய்கிறதா?

இல்லை. மனித மூக்கில் ஏறக்குறைய 50 இலட்சம் மோப்ப உயிரணுக்கள் உள்ளன. பீகிளின் மூக்கில் இருப்பவையோ 20 கோடிக்கும் மேல்! எனவே, முயலின் வாசனை வேறு, மானின் வாசனை வேறு என்பது அதற்கு நன்றாகவே தெரியும். மானின் குளம்புப் பிளவில் உள்ள சுரப்பிகள் அது நடக்கும் இடமெல்லாம் வாசனையைப் பதிக்கின்றன.

எந்த வாசனையைத் தொடர வேண்டும் என்பதை மூக்கு முடிவு செய்வதில்லை. அது அனுபவத்தால் கற்கும் பாடம். இனிய விளைவைத் தரும் செயலை விலங்கு மீண்டும் செய்யும். இதை ஆக்கநிலையிறுத்தம் என்பர். பீகிளுக்குத் துரத்துவதே பரிசு. மானை ஒருமுறை துரத்தி மகிழ்ந்த நாய்க்கு அந்தப் பரிசு கிடைத்துவிட்டது. பிறகு பிஸ்கட்டைக் காட்டி அழைத்தால் வருமா?

அதனால்தான், தடுப்பதே சிறந்த வழி. குட்டிகளை வேலியிட்ட இடத்தில் முயல் தடங்களில் மட்டுமே பழக்குகிறார்கள். அழைத்தவுடன் திரும்பி வரவும் கற்றுத் தருகிறார்கள். மான் தடத்தை முகரத் தொடங்கியதுமே நாயை அழைத்து, முயல் தடத்தில் மீண்டும் ஓடவிடுகிறார்கள். துரத்தும் ஆசைக்கு அங்கேயே பரிசு கிடைத்துவிடுகிறது.

இங்கு நேரம் மிக முக்கியம். மானைத் துரத்திவிட்டு அரை மணி நேரம் கழித்து வரும் நாயைத் திட்டினால், அது என்ன புரிந்துகொள்ளும்? ‘திரும்பி வந்தால் திட்டு விழும்’ என்றுதான்! அடுத்த முறை வரவே தயங்கும். மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டையிலும் இதே ஆபத்து உண்டு. தவறான நொடியில் அழுத்தினால், நாய் முயலின் வாசனைக்கே அஞ்சத் தொடங்கலாம். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் இப்பட்டைக்குத் தடை உள்ளது.

அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பீகிள்கள் பயணப்பெட்டிகளை மோப்பம் பிடித்து, தடை செய்யப்பட்ட பழங்களையும் இறைச்சியையும் கண்டுபிடிக்கின்றன. பெட்டிகளில் எத்தனையோ வாசனைகள் இருக்கும். எதைக் கண்டால் பரிசு கிடைக்கும் என்று கற்றதால்தான், மற்றவற்றை அவை கடந்து செல்கின்றன.

உங்கள் வீட்டு நாய் பூனையைத் துரத்திக்கொண்டு ஓடினாலும் இதே விதிதான். கோபம் வந்தாலும், திரும்பி வந்ததும் தட்டிக்கொடுங்கள். அடுத்த முறை நீங்கள் அழைக்கும்போது, அது வாகனங்கள் செல்லும் சாலையின் ஓரத்தில் நின்றிருக்கக்கூடும்.