'குடிகாரன்தானே!' - கருணாபுரம் மரணங்களும் பைபிள் சொல்லும் இன்னொரு பார்வையும்

மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவருக்கு முதல் சில மணி நேரம் பெரிதாக எதுவும் தெரியாது. தள்ளாட்டம், தலைவலி, வாந்தி என்று வந்தாலும், பார்ப்பவர்களுக்கு அது வழக்கமான போதைதான். 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று விட்டுவிடுவார்கள். அதற்குள் கல்லீரல் அந்த மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றத் தொடங்கியிருக்கும். அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கிப் பார்வை மங்கும்போது, பெரும்பாலும் அரை நாளோ ஒரு நாளோ ஓடியிருக்கும். குடிகாரன் என்ற முதல் பார்வை ஓர் உயிரையே காவு வாங்கலாம்.

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விற்ற பாக்கெட் சாராயம், 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் தினக்கூலிகள். பெண்களும் இருந்தார்கள். பாக்கெட்டின் விலை, டாஸ்மாக் குவார்ட்டரின் விலையில் பாதிகூட இல்லை. விற்ற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் காவல் நிலையமும் நீதிமன்றமும் இருக்கின்றன.

இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும் சமூக வலைதளங்களில் கோபம் கொப்பளித்தது. 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பணம்?' என்ற கேள்வி மீம்ஸாகவும் கமென்ட்டாகவும் சுற்றியது. இழப்பீட்டை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தாக்கலானது. அரசுப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று கேட்பது நியாயமான விவாதம்தான். ஆனால், அந்த கமென்ட்டுகளில் பலவும் பணத்தைப் பற்றியவை அல்ல. இறந்தவர் யார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாய், தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று தனியாக அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அந்தப் பிள்ளைகள் எதைக் குடித்தார்கள்?

பைபிளில் இதே அவசரத்தோடு ஒரு காட்சி உண்டு. அவசரப்படுபவர் சாதாரண ஆள் அல்ல, ஆலயத்தின் ஆசாரியர் ஏலி. குழந்தையில்லாத ஏக்கத்தோடு சீலோவில் உள்ள ஆலயத்துக்கு வருகிறாள் அன்னாள். உதடுகள் மட்டும் அசைய, சத்தமின்றி அழுது ஜெபிக்கிறாள். வாசலருகே உட்கார்ந்திருந்த ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டித் திட்டிவிடுகிறார். தான் குடிக்கவில்லை, மனவேதனையைத்தான் கொட்டிக்கொண்டிருந்தேன் என்று அவள் சொன்னதும், அதைக் கேட்டுச் சமாதானமாக வாழ்த்தி அனுப்புகிறார். ஏலியைப் பாராட்ட வேண்டிய இடம் அதுதான். பல ஆலய வாசல்களில் அந்த இரண்டாவது பாதி நடப்பதில்லை.

அன்னாளுக்குப் பிறந்த சாமுவேல், அந்த ஏலியிடமே வளர்ந்தவர். அவரும் பின்னாளில் இதே போல் சறுக்கினார். பெத்லகேமில் ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்து, அடுத்த அரசன் இவன்தான் என்று நினைத்தார். கடவுள் தேர்ந்தெடுத்ததோ, ஆடு மேய்க்கப் போயிருந்த கடைக்குட்டி தாவீதை.

'அன்னாள் குடிக்கவில்லை, கருணாபுரத்துக்காரர்கள் குடித்தார்களே' என்று யாராவது மடக்கலாம். அதற்கான பதில் லூக்கா 13-ம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த செய்தியை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். செத்தவர்கள் ஊரில் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, அவரே இல்லை என்கிறார். பிறகு, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கமே கேள்வியைத் திருப்பிவிடுகிறார். இறந்தவர்கள் நல்லவர்கள் என்று அவர் சான்றிதழ் கொடுக்கவில்லை. சாவை வைத்து மார்க் போடாதே என்பதுதான் அங்கே விஷயம். பாவிகளோடு பந்தியில் உட்கார்ந்ததற்காக, 'பெருந்தீனிக்காரர், குடிகாரர்' என்ற பட்டம் அவருக்கும் கிடைத்திருந்தது என்பதை லூக்காவே பதிவு செய்கிறார்.

பட்டம் தனி மனிதரோடு நிற்பதில்லை. கல்வராயன் மலை என்றாலே பலருக்கு ஊறல் பானைகள்தான் ஞாபகம் வரும். சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கி வாழும் மலையாளிப் பழங்குடியினர் அந்தப் படத்தில் வருவதே இல்லை. இத்தனைக்கும் கருணாபுரத்தில் உயிர்களைக் குடித்தது, மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைத்துக் காய்ச்சியது அல்ல. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்து உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, மருத்துவமனை, பள்ளி என்று மலையின் மற்ற கதைகள் அங்கே பேசப்பட்டன. கள்ளச்சாராய வழக்கையும் 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் சி.பி.ஐ-க்கு மாற்றியது.

மெத்தனால் விஷத்துக்குச் சிகிச்சை உண்டு. அது அமிலமாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல் மருந்து தருவார்கள். கிடைக்காத இடத்தில், மருத்துவக் கண்காணிப்பில் எத்தனாலையே கொடுப்பதும் உண்டு. கூடவே டயாலிசிஸ். எல்லாமே சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். குடித்துவிட்டுப் படுத்தவர் கண் மங்கலாகத் தெரிகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், என்ன குடித்தார், ஏன் குடித்தார் என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் 108-க்கு போன் செய்ய வேண்டும்.